பக்கத்து வீட்டுப் பீச் மரம்

எங்கள் வீட்டு பிறீசரில், பாரை மீன் துண்டுகளுக்கும் பராத்தா பக்கெற்றுக்கும் நடுவில், ஒரு பை நிறையப் புழுத் தக்காளி இருக்கிறது. பையில் "சாப்பிட வேண்டாம்" என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர் ஐஸ் எடுக்கப் போய் அதைக் கண்டுவிட்டு, "என்ன அக்கா, பழுதாப்போனதுக்கும் பிறிஜ்ஜுக்குள்ள இடம் குடுத்து வைச்சிருக்கிறியள்?" என்று சிரித்தார். என்ன செய்ய? இந்த நாட்டில் அழுகின பழத்தை எறிவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பழ ஈ குத்திய தக்காளியைச் சும்மா தூக்கிப் போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் உறையவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, வெயிலில், சீமெந்துத் தரையில் ஒரு கிழமை போட்டு, உள்ளே இருக்கும் புழுவை அவித்துக் கொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குப்பைத் தொட்டி. ஊரில் செத்த வீட்டில்கூட இவ்வளவு நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

வாசிக்கிறவர்கள் இதைத் தக்காளி வளர்ப்புக் குறிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். நான் இந்த முறையைக் காலம் பிந்தித்தான் செய்யத் தொடங்கினேன். அதற்கு முன்னால் ஒரு பிழை செய்தேன், அந்தப் பிழையை மறைக்க ஒரு பொய்க்கதை சொன்னேன், அந்தக் கதையால் மெல்பேணில் ஒரு வயதான பெண் தன்னுடைய மரத்தைத் தறிக்க வேண்டி வந்தது. கன நாளாக இதை என் கணவரைத் தவிர ஒருவருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நாங்கள் இருப்பது சிட்னியில், மெரிலேண்ட்ஸில். பின்வளவு பெரிய வளவு அல்ல. துணி காயப்போடும் கம்பிக்கும் வேலிக்கும் நடுவில் கட்டில் அளவில் மூன்று பாத்தி. நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அவித்து, கிருமி நீக்கி, உறையில் போட்டு ஒட்டும் பகுதியில். நாள் முழுக்கக் கத்தரிக்கோலுக்கும் கிடுக்கிக்கும் கையுறையோடு சேவகம். வீட்டுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் மண்ணைத் தொட வேண்டும்போல இருக்கும். அப்படித்தான் தக்காளி பிடித்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கைராசி இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வியாதி வரும், ஒவ்வொன்றோடும் நான் சண்டை பிடிப்பேன். இலையின் அடியில் வெள்ளை ஈ மொய்த்தால் சவர்க்காரத் தண்ணீர். பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் மருந்து தேவையில்லை, தண்ணீரை ஒழுங்காக விட்டால் போதும். கீழிலை மஞ்சள் பட்டுப் புள்ளி விழுந்தால் அதைக் கிள்ளி எடுத்து, நிலத்துக்கு வைக்கோல் பரப்பிவிடுவேன். இதையெல்லாம் வென்றேன். வெல்ல முடியாமல் போனது பழ ஈயை மட்டும்தான்.

குயின்ஸ்லாந்துப் பழ ஈ என்று அதற்குப் பெயர். வீட்டு ஈயைவிடச் சின்னது, செம்மண் நிறம், முதுகில் மஞ்சள் பொட்டு. பார்த்தால் வடிவான சீவன்தான். பழம் பழுக்கத் தொடங்கும்போது வந்து ஊசி குத்தினமாதிரி ஒரு சின்னத் துளை போட்டு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே வெள்ளைப் புழு. பழம் விழுந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, பிறகு ஈயாக வெளியே வரும். சிட்னிக்காரருக்கு இது பழகிப்போன தொல்லை. நானும் புழு இருந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குழம்பில் போட்டுவிடுவேன். இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் சுளியுங்கள்.

மூன்று கோடைக்கு முன்னால், மார்கழியில் வரும் நத்தார் பண்டிகை லீவுக்கு மெல்பேணுக்குக் காரில் போனோம். கிளென் வேவர்லியில் என் கணவரின் அக்கா, தேவி மச்சாள், இருக்கிறா. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அந்த இடத்தில் வீடு வாங்கினார்கள். பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், வீடு மட்டும் மிச்சம். மச்சாளுக்கு எல்லாம் என்னிடம் இருப்பதைவிட ஒரு படி மேலே. குசினி பெரிது, கதிரை புதிது, பிள்ளைகளின் மாக்ஸும் பெரிது. என்னிடம் அவவுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: நத்தாருக்கே சிவந்து பழுத்த தக்காளி. மெல்பேண் குளிர் ஊர். அங்கே நவம்பரில்தான் கன்று நடுவார்கள், நத்தாருக்குப் பச்சைக்காய்தான் தொங்கும். ஆக, ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்ற நல்ல பழக்கத்தோடு கொஞ்சம் கெட்ட எண்ணமும் சேர்ந்து, பெட்டி நிறையத் தக்காளி பிடுங்கி அடுக்கினேன். பிடுங்கும்போது இரண்டு மூன்று பழத்தில் அந்த ஊசித்துளையைக் கண்டேன். கண்டவற்றைக் கழித்தேன். எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேனா என்றால், இல்லை. பெட்டி நிரம்பவேண்டும் என்ற அவசரம்.

வழியில், தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில், பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. ஓர் ஈயின் பெரிய படம். வீட்டில் காய்த்த பழங்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வேண்டாம், தயவுசெய்து இங்கேயே போட்டுவிடுங்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொட்டியின் படமும் இருந்தது. நான் அதை முழுவதும் வாசித்தேன். கதவு சாத்தியிருக்கும்போது வேறு என்ன வேலை? வெளியே வந்தேன். தொட்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. கையைக் கழுவிவிட்டுக் காரில் ஏறினேன்.

இதை நான் விளங்கப்படுத்தத்தான் வேண்டும், ஆனால் மன்னிப்புக்காக அல்ல. நான் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் வளர்ந்தவள். பற்றரி கொண்டுபோகக் கூடாது, சவர்க்காரம் இத்தனைக்கு மேல் கூடாது என்றிருந்த காலத்தில், ஓமந்தைச் சாவடியில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, கேக்கைக் கத்தியால் கீறி உள்ளே பார்த்தார்கள். அம்மாவும் நானும் முகத்தில் ஒன்றும் தெரியாமல் நிற்கப் பழகியிருந்தோம். எனக்குச் சட்டம் என்றால் துவக்குப் பிடித்த ஒரு மனிதன். அந்த மனிதன் நின்றால் சட்டம் இருக்கிறது, நிற்காவிட்டால் இல்லை. ஒரு கழிப்பறைக் கதவு "தயவுசெய்து" என்று கேட்கும், அதற்கு நாமாகவே கட்டுப்பட வேண்டும் என்பது இருபது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தும் என் உடம்பில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், தொட்டியைத் தாண்டி நடந்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது.

கிளென் வேவர்லியில் என் தக்காளிக்கு நல்ல வரவேற்பு. மச்சாள் ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்றா. அவவின் வாயில் அது பெரிய புகழ்ச்சி. மச்சாளின் கணவர் குலம் அண்ணைதான் குழந்தைபோலப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த வருடம்தான் அவருக்கு பைபாஸ் ஒப்பரேஷன் முடிந்திருந்தது. முன்பெல்லாம் கலகலவென்று கதைத்த மனிதர், ஒப்பரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். டொக்டர் ஏதாவது ஒன்றில் மனதைப் போடச் சொல்ல, அவர் தக்காளியில் போட்டார். பன்னிரண்டு கன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடி, தடியில் நட்ட நாள் எழுதிய ஒட்டு. விடிந்தால் கொப்பியோடு போய் நிற்பார்.

"பிள்ளை, என்ர பாத்தியிலையும் இப்பிடிக் காய்க்குமே?" என்று கேட்டார்.

"ஏன் காய்க்காது அண்ணை? என்னட்டை விடுங்கோ, நான் சொல்லித்தாறன்" என்றேன். அந்த நிமிடத்தில் நான்தான் அந்த வீட்டில் பெரிய ஆள்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு வளவில் ஒரு பீச் மரம் நின்றது. பழைய மரம், அதன் இரண்டு கொப்பு வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த வீட்டில் தனியே இருந்தவர் மெய்லிங். எழுபது வயதிருக்கும், சீனாவில் இருந்து என் வயதில் இங்கே வந்தவர். பழக் காலத்தில் ஒரு வாளி நிறையப் பீச் பழத்தை மச்சாள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் போய்விடுவாராம். மச்சாள் அதே வாளியில் வடையோ பயற்றம் பணியாரமோ போட்டுத் திருப்பி வைப்பா. இருவரும் பத்து வசனம்கூட ஒழுங்காகக் கதைத்ததில்லை, வாளிதான் கதைத்தது.

நாலாம் நாள் மச்சாள் சாலட்டுக்குத் தக்காளி வெட்டியபோது உள்ளே புழு நெளிந்தது. அடுத்ததை வெட்டினா. அதிலும் புழு. எனக்குக் காது சுட்டது. "ஐயோ மச்சாள், காருக்குள்ள வெக்கையில கிடந்து பழுதாப்போச்சு" என்று சொன்னேன். வெக்கையில் புழு பிறக்காது என்று எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். மிச்சப் பழங்களை அவ குப்பையில் போடப் போனா. அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல், "குப்பையில போடாதேங்கோ மச்சாள், பாவம். கன்றின்ர அடியில தாட்டுவிடுங்கோ, நல்ல பசளை" என்றது. சாப்பாட்டுச் சாமானை எறிந்து பழகாத வளர்ப்பு. குலம் அண்ணை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். பன்னிரண்டு கன்றுக்கும் நடுவில் கிடங்கு வெட்டி, என் பெட்டியில் மிஞ்சியதை எல்லாம் கொட்டி மூடினோம். மண்ணை மூடிக் காலால் அமத்தியது நான்.

அடுத்த கோடையில், மாசி மாதம், வாட்ஸ்அப்பில் குலம் அண்ணையின் முகம் வந்தது. முகம் சரியில்லை. பழத்தைப் பிளந்து கமராவுக்கு முன்னால் பிடித்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பிள்ளை, முழுக்கப் புழு. ஒரு பழம் மிச்சமில்லை. நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார். பின்னால் மச்சாள் நின்று, "ரெண்டு நாளாச் சாப்பிடயில்லை வசந்தி, திரும்பவும் பழையபடி சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்" என்றா.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம். அண்ணை, பிழை உங்களில இல்லை, நான் கொண்டுவந்த பழத்திலதான். அவ்வளவுதான். மச்சாள் ஒரு மாதம் குத்திக் காட்டியிருப்பா, வேறென்ன? கழுத்தையா வெட்டியிருப்பா? ஆனால் என் வாய் வேறு கேள்வி கேட்டது.

"அண்ணை, பக்கத்து வீட்டு மரம் என்ன மரம்? பீச் எல்லோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அதுதான். பழ ஈக்குப் பீச் எண்டால் உயிர். அதிலயிருந்துதான் வந்திருக்கும்."

அவருடைய முகம் தெளிந்ததை நான் கண்ணால் கண்டேன். பிழை தன்னுடையது அல்ல என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது, அதை ஏன் மறைப்பான்? அன்று இரண்டு பேரை நான் குணப்படுத்தினேன், அவரையும் என்னையும். போனை வைத்த பிறகு கறிக்கு வெங்காயம் வெட்டினேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

பழியைப் பக்கத்து வீட்டில் போடும் இந்த வேலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஊரில் எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் மிளகாய்க் கன்றெல்லாம் இலை சுருண்டு, வளராமல் குருமன் கட்டிப்போனது. ஐயா, அதுதான் என் அப்பா, ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. பக்கத்துத் தறைத் தோட்டக்காரர் பழுதான கன்றைப் பிடுங்காமல் விட்டதால்தான் வந்தது என்று சந்தியில் நின்று சொன்னார். அந்த மனிதர் அது தன்னிடமிருந்து வரவில்லை என்றார். இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு நின்றது. பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்து ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பறையில், ஆளுக்கொரு மூலையில் பதினொரு நாள் இருந்தோம். அவர்களுடைய சின்னப் பிள்ளை காய்ச்சலில் அனுங்கியது. எங்களிடம் பனடோல் இருந்தது. அம்மா கொடுக்க எழுந்தா, ஐயா பார்த்த பார்வையில் திரும்ப இருந்துவிட்டா. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டது. அந்தச் சுருட்டை வியாதி உண்மையில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த வகுப்பறையில் இருந்தபோது, நான் பெரியவளானதும் ஐயாவைப்போல இருக்க மாட்டேன் என்று நினைத்தேன். இருந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில், சிரித்த முகத்தோடு.

சித்திரையில் மச்சாள் போன் எடுத்தபோது சாதாரணமாகச் சொன்னா: "அந்த மரப் பிரச்சினை முடிஞ்சுது. மனிசி தறிச்சுப் போட்டுது."

"என்ன? முழு மரத்தையுமோ?"

"ஓம். நாங்கள் தறிக்கச் சொல்லேல்லை. இவர் போய், வலை போட்டு மூடுங்கோ எண்டுதான் சொன்னவர். கவுன்சில் வெப்சைற்றில இருந்து ஒரு பேப்பரும் பிறின்ற் எடுத்துக் குடுத்தவர், வாசிச்சு விளங்கட்டும் எண்டு. அடுத்த கிழமையே ஆளைக் கூப்பிட்டு அடியோட அறுத்துப்போட்டுது. ஒரு கதையுமில்லை."

குலம் அண்ணை இந்த நாட்டில் முப்பது வருடம் எஞ்சினியராக வேலை செய்தவர். அவருக்குக் கவுன்சில் பேப்பர் என்றால் ஒரு தகவல். வலையின் படம், எங்கே வாங்கலாம், எப்படிக் கட்டலாம். தனியே இருக்கும், பாதி ஆங்கிலம் தெரிந்த, எழுபது வயதுப் பெண்ணின் கையில் அரச முத்திரையோடு ஒரு பேப்பரைக் கொடுத்தால் அது என்னவாகும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். முத்திரை குத்திய கடிதம் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. கடிதம் என்ன சொல்கிறது என்று வாசிப்பதற்கு முதலே, நாங்கள் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம். மெய்லிங்கும் அப்படித்தான் யோசித்திருப்பார். வலையை அவர்கள் கேட்டார்கள், அவர் மரத்தையே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை கெட்டது. வேலையில் கருவிகளை அடுக்கும்போது எண்ணிக்கை தவறியது. என் கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இப்ப சொல்லி என்ன? மரம் முளைக்கப்போகுதே? அத்தானுக்கு இருதயம் வேற. நீர் சும்மா இரும்" என்றார். நாற்றுக் கடையில் வேலை செய்யும் ஒரு பையனிடம், யாரோ ஒருவருடைய கதைபோலச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அந்த ஈ மெல்பேணின் அந்தப் பக்கங்களில் கொஞ்ச வருடங்களாகவே பரவி வருகிறது, எந்தப் பெட்டியில் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றான். இதை நம்பிக்கொண்டு நான் போயிருக்கலாம். எத்தனையோ தரம் நம்பப் பார்த்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு கன்றுக்கு நடுவில் மண்ணை அமத்திய கால் என்னுடையது. அதை எந்தப் பையன் வந்து இல்லை என்பான்?

இந்தத் தை மாதக் கடைசியில் திரும்பவும் மெல்பேணுக்குப் போனோம். இந்த முறை கொண்டுபோனது கடையில் வாங்கிய லட்டு. காரை நிறுத்தியதும் என் கண் வேலிக்கு மேலே போனது. அங்கே வெறும் வானம். குலம் அண்ணை என்னைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாத்தியில் நல்ல வெயில் விழுந்தது. முன்பு மரத்தின் நிழல் விழுந்த இடம். கன்றுகள் தோள் உயரம் வளர்ந்திருந்தன. அவர் முதல் பழுத்த பழத்தை எனக்காகவே பிடுங்காமல் விட்டிருந்தார். கத்தியால் பிளந்தார்.

புழு.

அவர் கத்தி நுனியால் புழுவைத் தட்டிவிட்டார். பிறகு, "மரம்தான் இல்லையே பிள்ளை. இனி எங்கையிருந்து வருகுது?" என்று மெதுவாகக் கேட்டார். பழத்தின் இரண்டு பாதியையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வலை, பொறி, கறுப்புப் பை என்று கதைத்துக்கொண்டே போனேன். எல்லாம் சரியான தகவல்கள். ஒன்றாவது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவர் கொப்பியை எடுத்துவர உள்ளே போனார்.

நான் வேலிப் பக்கம் போனேன். பலகை வேலி, என் கழுத்தளவு. அந்தப் பக்கம் மெய்லிங் ஒரு சின்ன முக்காலியில் இருந்து வெங்காயத்தாள் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிலத்தோடு சமமாக அறுத்த அடிக்கட்டை. அதன்மேல் ஒரு பூச்சாடி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், சிரித்தார், வாளிக்காரியின் அதே அவசரத்தோடு முந்திக்கொண்டு சொன்னார்: சொறி, என் மரம், உங்கள் அண்ணைக்குப் பெரிய கஷ்டம், சொறி.

அந்த "சொறி"யை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஆங்கிலம் இரண்டு பக்கமும் நொண்டுகிற ஆங்கிலம். இருந்தும் சொன்னேன். உங்கள் மரம் இல்லை. நான். சிட்னியில் இருந்து தக்காளி கொண்டுவந்தேன். உள்ளே புழு இருந்தது. இந்த மண்ணில் தாட்டேன். பிறகு உங்கள் மரம் என்று சொன்னதும் நான்தான்.

அவர் தலையை ஆட்டி, "நோ, நோ, மை ட்ரீ" என்றார். நான் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் திரும்பச் சொன்னேன். கார், பெட்டி, தக்காளி, புழு என்று ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. கடைசியில் திரும்பி, நாங்கள் தாட்ட இடத்தைக் கையால் காட்டி, நெஞ்சில் தட்டி, "மீ" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கம் கெட்டவளுக்குக் கண்ணீர் ஒரு கேடு.

அப்போது அவருக்கு விளங்கியது. சிரிப்பு நின்றது. வெங்காயத்தாளைக் கீழே வைத்தார். அடிக்கட்டையைத் திரும்பிப் பார்த்தார். "இருபத்தெட்டு வருடம் புழு இல்லை" என்றார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "அந்த ஒரு வருடம்தான் என் பழத்திலும் புழு. நான் என் மரத்துக்கு ஏதோ வியாதி என்று நினைத்தேன். வயது போய்விட்டது என்று நினைத்தேன்." பிறகு அந்தக் கண்கள் என்னிலேயே நின்றன. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. எனக்கு விளங்காத அவருடைய மொழியில் வாய்விட்டு ஏசட்டும், நின்று கேட்கிறேன்.

அவர் வேலிக்குக் கிட்ட வந்தார். பலகைக்கு மேலால் குலம் அண்ணையின் வீட்டுக் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"அவரிடம் சொல்லாதே" என்றார். தன் நெஞ்சின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், மேலிருந்து கீழே, ஒப்பரேஷன் தழும்புபோல. "அவர் நல்ல மனிதர். தெரிந்தால் என் மரத்தை நினைத்து நினைத்து வருத்தப்படுவார். அவருக்குக் கூடாது."

மெய்லிங் சொன்னதைத்தான் என் கணவரும் சொன்னார், சொல்லாதே என்று. அவர் எங்கள் குடும்பத்துக்காகச் சொன்னார். இந்தப் பெண் எதற்காகச் சொல்கிறார்? நான் சொல்ல வந்தது பாரத்தை இறக்கிவைக்க. இப்போது அது இரண்டு மடங்காகி என் தலையிலேயே திரும்ப ஏறிவிட்டது. ஏனென்றால் இனி நான் வாய் திறந்தால் மச்சாளுக்கு அல்ல, இவருக்குத் துரோகம்.

பின்கதவு திறந்தது. குலம் அண்ணை கொப்பியும் கண்ணாடியுமாக வந்தார். எங்கள் இருவரையும் கண்டதும் அவருடைய முகம் கொஞ்சம் கூசியது. மரம் தறித்த பிறகு அவர் மெய்லிங்கோடு கதைக்கவில்லையாம், என்ன கதைப்பது என்று தெரியாமல்.

"என்ன பிள்ளை, ரெண்டு பேரும் அப்பிடி என்ன கதை?"

மெய்லிங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குலம் அண்ணை என்ன கேட்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்கு முன்னமே, வேலிக்கு மேலால் பெரிதாகச் சிரித்து, "டொமேற்றோ!" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். "தக்காளியைப் பற்றித்தான்."

குலம் அண்ணை ஆறுதலாகச் சிரித்தார், மெய்லிங்கைப் பார்த்துத் தலையாட்டினார், என்னைக் கூப்பிட்டார். இந்தப் பக்கம் என் சொந்தம் நின்றது, உண்மை தெரியாமல். அந்தப் பக்கம் உண்மை தெரிந்த ஆள் நின்றார், எனக்கு ஒரு உறவுமில்லாமல். நான் வேலிப் பலகையில் வைத்திருந்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.